சோள அவல்: 35 வருஷமா நான் சாப்பிடுற கார்ன்ஃப்ளேக்ஸ் பத்தி ஒரு ரிவ்யூ

இந்த ரிவ்யூ ப்ளெயின் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு மட்டும்தான். சாக்லேட் போட்டது, தேன் தடவினது, ஸ்ட்ராபெர்ரி காயவச்சு கலந்தது எல்லாம் எங்க வீட்டுக்கும் வந்து போயிருக்கு, பொண்ணுக்காக வாங்குவேன், ஆனா எனக்குன்னு ஒரு டப்பா எப்பவும் தனியா இருக்கும், அதுல மக்காச்சோளம், மால்ட் (முளைகட்டின பார்லிலேர்ந்து எடுக்கறது), உப்பு, கொஞ்சம் சர்க்கரை, மேல தூவின விட்டமின், இவ்ளோதான். எனக்கு ஊர் திருச்சி. இட்லி தோசை பொங்கல் எல்லாமே பிடிக்கும், எங்க அம்மா ஊத்துற தோசைக்கு ஈடே கிடையாது, ஆனாலும் காலைல என்ன வேணும்னு என்னைக் கேட்டா ஏழு வயசுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ஒரே பதில்தான்.

1989ல எனக்கு டைபாய்டு. மூணு வாரம் படுக்கை, எண்ணெய் கூடாது காரம் கூடாது, கஞ்சியும் இட்லியும் பார்த்தாலே குமட்டுற நிலைமைக்கு வந்துட்டேன். அப்ப சென்னைலேர்ந்து என்னைப் பார்க்க வந்த சித்தப்பா ஒரு அட்டைப்பெட்டி கொண்டு வந்தார், மோகன்ஸ் நியூ லைஃப் கார்ன்ஃப்ளேக்ஸ். அந்தக் காலத்துல இந்தியாவுல கார்ன்ஃப்ளேக்ஸ்னா அனேகமா அதுதான், மோகன் மீக்கின் கம்பெனி தயாரிப்பு. எங்க தெரு மளிகைக் கடைல எல்லாம் கிடைக்காது. அம்மா பால் காய்ச்சி, நல்லா கொதிக்கக் கொதிக்க ஊத்தி, சர்க்கரை போட்டு, குழைஞ்சு போனதும் ஸ்பூன்ல ஊட்டி விட்டாங்க. பக்கத்துல உக்காந்திருந்த பாட்டி, அம்மாவைப் பெத்தவங்க, பெரம்பலூர் பக்கம், ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுப் பார்த்துட்டு "இது சோள அவல்தானேடி" அப்டின்னாங்க. அன்னைலேர்ந்து எங்க வீட்ல அதுக்கு அதான் பேரு. காய்ச்சல் விட்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்ச அப்புறமும் நான் சோள அவல் சோள அவல்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், சித்தப்பா வரும்போதெல்லாம் ஒரு பெட்டி வரும், அதைப் பத்து நாளைக்கு நான் ஓட்டுவேன்.

பாட்டி சொன்னது எவ்ளோ சரின்னு ரொம்ப நாள் கழிச்சுதான் எனக்குப் புரிஞ்சுது. அவல் எப்படி பண்றோம், நெல்லை ஊறவச்சு, வறுத்து, சூட்டோட இடிச்சுத் தட்டையாக்குறோம். கார்ன்ஃப்ளேக்ஸும் கிட்டத்தட்ட அந்த வழிதான். முதல்ல மக்காச்சோளத்தோட தோலையும் முளையையும் நீக்கிடுவாங்க, முளைலதான் எண்ணெய் இருக்கு, அது இருந்தா சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிடும். மிச்சம் இருக்கற கெட்டியான பகுதியை பெரிய பெரிய துண்டா உடைச்சு, மால்ட்டு சர்க்கரை உப்போட ஆவி அழுத்தத்துல ஒரு மணி நேரத்துக்கு மேல வேகவச்சு, உலர்த்தி, ஈரம் சமமா பரவறதுக்கு கொஞ்ச நேரம் ஆற விட்டு, அப்புறம் பெரிய இரும்பு உருளைங்க நடுவுல விட்டு நசுக்கி, கடைசில நல்ல சூட்டுல சடார்னு வாட்டி எடுக்குறாங்க. ஒரு இதழ் அப்டிங்கறது ஒரு சோளத் துண்டு. அதுமேல குமிழ் குமிழா இருக்கு பாருங்க, அது வாட்டும்போது உள்ள இருந்த ஈரம் ஆவியாகி வெளிய வர்ற இடம். அந்தக் குமிழ்தான் மொறுமொறுப்பு. அதனால பாக்கெட் பிரிச்சதும் நான் முதல்ல பார்க்குறது குமிழ் இருக்கா, ஓரம் லேசா செவந்திருக்கா, இந்த ரெண்டும்தான்.

இதைக் கண்டுபிடிச்ச கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல பேட்டில் க்ரீக்னு ஒரு ஊர், அங்க ஜான் ஹார்வி கெல்லாக்னு ஒரு டாக்டர் ஒரு பெரிய சானிட்டோரியம் நடத்திக்கிட்டு இருந்தார். சானிட்டோரியம்னா தங்கி வைத்தியம் பார்த்துக்கற இடம், செவன்த் டே அட்வென்டிஸ்ட்னு ஒரு கிறிஸ்தவ சபை அதை ஆரம்பிச்சது, அங்க நோயாளிங்களுக்கு சைவச் சாப்பாடுதான். 1894ல வேகவச்ச கோதுமை கவனிக்காம கிடந்து பழசாயிடுச்சு, வீணாக்க மனசு வராம அதை உருளைல விட்டாங்க, தகடா வரும்னு பார்த்தா ஒவ்வொரு கோதுமையும் தனித்தனி இதழா உதிர்ந்துச்சு. அதை வாட்டிக் கொடுத்தா நோயாளிங்க விரும்பிச் சாப்பிட்டாங்க, 1896ல பேட்டன்ட்டும் வந்துச்சு. அந்த டாக்டரோட தம்பி வில் கீத் கெல்லாக்தான் அப்புறம் சோளத்துக்கு மாறி 1906ல கம்பெனி ஆரம்பிச்சவர். சர்க்கரை சேர்க்கலாம்னு தம்பி, கூடவே கூடாதுன்னு அண்ணன், கடைசில ரெண்டு பேரும் கோர்ட்டுக்கே போனாங்க. அதே சானிட்டோரியத்துல நோயாளியா இருந்த சி.டபிள்யூ. போஸ்ட்டுன்னு ஒருத்தர் வெளிய வந்து 1897ல கிரேப் நட்ஸ்னு தன்னோட சீரியலை விக்க ஆரம்பிச்சார், இன்னைக்கும் அது அமெரிக்காவுல இருக்கு. அதாவது இது முதல்ல நோயாளிங்களுக்குன்னே பொறந்த சாப்பாடு. டைபாய்டுல படுத்திருந்த எனக்கு அது வந்து சேர்ந்ததை நினைச்சா இப்பவும் எனக்கு சந்தோஷமா இருக்கும்.

கெல்லாக்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1994ல. திருச்சில எங்க கண்ணுல பட்டது அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சு. அந்த சேவல் படம் போட்ட பெட்டியை தில்லை நகர்ல ஒரு கடைல பார்த்துட்டு அப்பாவை விடாம நச்சரிச்சு வாங்க வச்சேன். வீட்ல வந்து பெட்டியைப் படிச்சா குளிர்ந்த பால் ஊத்தணும்னு இருக்கு. அம்மா ஒத்துக்கவே இல்ல. காலங்காத்தால ஜில்லுனு பாலா, சளி பிடிக்கும், தொண்டை கட்டும், பரீட்சை நேரத்துல வேற வினையே வேணாம், அதெல்லாம் அந்த ஊர்க்காரங்களுக்கு அப்டின்னு சொல்லி வழக்கம்போல கொதிக்கற பாலை ஊத்திட்டாங்க. அரை நிமிஷம்கூட ஆகல, எல்லாம் துவண்டு போச்சு. எங்க வீட்ல மட்டும் இல்ல, அப்ப இந்தியா முழுக்க இதான் நடந்துச்சு, வந்த புதுசுல அந்த கம்பெனி தடுமாறினதுக்கு இதையே ஒரு பெரிய காரணமா இன்னைக்கும் மேனேஜ்மென்ட் கிளாஸ்ல பாடமா சொல்லித் தர்றாங்க. எனக்கு அந்தக் குழைஞ்ச சோள அவலும் பிடிச்சுதான் இருந்துச்சு, பொய் சொல்லல, ஆனா நான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தது கார்ன்ஃப்ளேக்ஸே இல்ல, அது ஒரு சோளக் கஞ்சி.

உண்மையான கார்ன்ஃப்ளேக்ஸை நான் முதல் முறையா சாப்பிட்டது காலேஜ் படிக்கும்போது, பெங்களூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்ல. அவங்க அம்மா ஃப்ரிட்ஜ்லேர்ந்து பாலை எடுத்து அப்படியே ஊத்திக் கொடுத்தாங்க. முதல் ஸ்பூன்ல பல்லுக்குள்ள கேட்ட சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கு, அப்பளம் நொறுங்கற மாதிரி, அதுக்கு அப்புறம் மால்ட்டோட லேசான கசப்பு, உப்பு, கடைசில பாலோட இனிப்பு. பதினோரு வருஷமா சாப்பிடுற ஒரு சாப்பாட்டை அன்னைக்குத்தான் பார்த்தேன்னு தோணுச்சு. சளியும் பிடிக்கல. யாராவது "எனக்கு கார்ன்ஃப்ளேக்ஸ் பிடிக்காதுப்பா, சொதசொதன்னு இருக்கும்"னு சொன்னா நான் கேக்குற முதல் கேள்வி பால் சூடா ஊத்தினீங்களா அப்டிங்கறதுதான், பத்துக்கு எட்டு பேர் ஆமான்னுதான் சொல்றாங்க.

இப்ப பாலுக்கு வர்றேன், ஏன்னா பாதி ரிவ்யூ பால் பத்தினது. ஆவின் பச்சை பாக்கெட்தான் என் சாய்ஸ், 4.5 சதவீதம் கொழுப்பு. நீலம் 3 சதவீதம், அது தண்ணியா உள்ள இறங்கி இதழைச் சீக்கிரம் ஊற வச்சிடுதுன்னு எனக்கு ஒரு எண்ணம், ஆரஞ்சு ரொம்ப கனமா இருக்கு, சோளத்தோட வாசனையை மூடிடுது. பாக்கெட் பால் பாஸ்ச்சுரைஸ் பண்ணதுதான், ஆனா எங்க வீட்ல காய்ச்சாம குடிச்ச பழக்கமே இல்ல, அதனால முந்தின நாள் ராத்திரி காய்ச்சி, ஆறினதும் ஆடையை எடுத்துட்டு, மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சிடுவேன். ஆடை எடுக்கறது முக்கியம், சில்லுனு இருக்கற ஆடை வாய்ல மாட்டினா அந்தக் கிண்ணமே கெட்டுப்போச்சு. கிண்ணத்துல முதல்ல இதழ், பால் ஓரமா, இதழ் முழுக்க முங்கற அளவுக்கு ஊத்தக் கூடாது, பாதி மேல தெரியணும். மொத்தமா போடாம ரெண்டு தடவையா போட்டுக்கிட்டா கடைசி ஸ்பூன் வரைக்கும் சத்தம் இருக்கும்.

நாலு பிராண்ட் வாங்கி ஒரு ஞாயித்துக்கிழமை வரிசையா வச்சு போன்ல டைமர் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொண்ணும் 30 கிராம், ஒரே பால், ஒரே கிண்ணம். கெல்லாக்ஸ் ஒரிஜினல் நாலு நிமிஷம் தாண்டியும் நடுவுல கொஞ்சம் மொறுமொறுப்பா இருந்துச்சு, ருசியும் எனக்கு அதான் முதல், மால்ட் வாசனை தனியா தெரியும். ரெண்டாவதா வந்தது நம்ம ஊர் கம்பெனி ஒண்ணு, கொஞ்சம் தடிப்பான இதழ், சத்தம் ஜாஸ்தி, உப்பு கம்மி, விலையும் கம்மி, குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு அது போதும்னு சொல்லுவேன். மிச்ச ரெண்டுல ஒண்ணு ரொம்ப மெலிசு, ரெண்டு நிமிஷத்துல படுத்துடுச்சு. இன்னொண்ணு ஒரு சூப்பர் மார்க்கெட் தன் பேர்ல போட்டு விக்கறது, பிரிச்சதுமே பழைய எண்ணெய் வாடை, தேதி பார்த்தா இன்னும் நாலு மாசம் இருக்கு, வாயில வைக்க முடியல, திருப்பிக் கொடுக்கப் போனா பிரிச்ச பாக்கெட் எடுக்க மாட்டோம்னுட்டாங்க. பேர் சொல்ல விரும்பல. புது பிராண்ட் ட்ரை பண்றதா இருந்தா சின்ன பாக்கெட்டா வாங்குங்க, எனக்குத் தெரிஞ்ச ஒரே பாதுகாப்பு அதான்.

இன்னொரு விஷயம், நிறைய பேர் ஏமாந்திருக்காங்க. மளிகைக் கடைல சில்லறையா எடை போட்டு கார்ன்ஃப்ளேக்ஸ்னு மஞ்சளா கெட்டியா ஒண்ணு விப்பாங்க, விலை ரொம்ப கம்மியா இருக்கும். அது மிக்சருக்கு எண்ணெய்ல பொரிக்கறதுக்கு. பால்ல போட்டா கல்லு மாதிரி இருக்கும், பல்லு போயிடும். பொரிச்சு வேர்க்கடலை, கறிவேப்பிலை, மொளகாத்தூள், உப்பு போட்டுக் கிளறினா பிரமாதமா இருக்கும், தீபாவளிக்கு எங்க அம்மா பண்ணுவாங்க, ஆனா அது வேற பொருள்.

பழத்துல திருச்சிக்காரங்க கொடுத்து வச்சவங்க. தொட்டியம், லால்குடி பக்கம் விளையற வாழை, காந்தி மார்க்கெட் போனா வகை வகையா இருக்கு. எல்லா பழமும் இதுக்கு ஒத்து வராது. ரஸ்தாளிதான் முதல் இடம், வாசனையும் மாவு மாதிரி இருக்கற சதையும் மொறுமொறுப்புக்கு நடுவுல அவ்ளோ அழகா உக்காரும். பூவன்ல ஒரு புளிப்பு இருக்கு, ரஸ்தாளி கிடைக்காத அன்னைக்கு அது. கற்பூரவள்ளி ரொம்ப இனிப்பு, சர்க்கரையே போடாம சாப்பிடுறவங்களுக்கு சரியா இருக்கும். மோரிஸ் எனக்கு வழவழன்னு இருக்கும். சர்க்கரை நான் மேல போடறதே இல்ல, ஏற்கனவே உள்ள இருக்கு, பழம் நல்லா பழுத்திருந்தா அதுக்கு மேல எதுவும் வேணாம்.

உடம்புக்கு நல்லதான்னு கேப்பீங்க. எனக்கு இது உயிர், ஆனா உண்மையைச் சொல்றேன். முளையையும் தோலையும் எடுத்ததால நார்ச்சத்து கம்மி, புரதமும் 100 கிராமுக்கு ஏழு கிராம் சுமார்தான், பால்தான் அதை ஈடு கட்டுது. கிளைசிமிக் இண்டெக்ஸ், அதாவது ஒரு சாப்பாடு ரத்தத்துல சர்க்கரையை எவ்ளோ வேகமா ஏத்துதுங்கற கணக்கு, 80 பக்கத்துல, சர்க்கரை சட்டுனு ஏறும். எங்க அப்பாவுக்கு சுகர் வந்ததுலேர்ந்து அவர் கிண்ணத்துல நான் போடறதில்ல, அவருக்கு ஓட்ஸ். கோதுமை ஒத்துக்காதவங்களும் கவனிக்கணும், சோளம்தானேன்னு நினைச்சு வாங்காதீங்க, மால்ட்டுங்கறது பார்லிலேர்ந்து வர்றது, கோதுமைல இருக்கற மாதிரி குளூட்டன்ங்கற புரதம் அதுலயும் உண்டு. நான் 30, 40 கிராம் எடை போட்டு, கூட ஒரு கைப்பிடி வேர்க்கடலை இல்லன்னா ஒரு அவிச்ச முட்டை வச்சுக்கறேன், பதினோரு மணி வரைக்கும் பசி தாங்கும். வெறும் கார்ன்ஃப்ளேக்ஸ் மட்டும் சாப்பிட்டுட்டுப் போனா ஒன்பதரைக்கே வயிறு கேக்கும். இரும்புச்சத்து சேர்த்திருக்குன்னு போட்டிருப்பாங்கல்ல, அது பலதுல நெஜமாவே பொடிப்பொடியா இரும்புதான். பொண்ணு ஆறாவது படிக்கும்போது மிக்சில பொடிச்சு, தண்ணில கரைச்சு ஒரு ஜிப் கவர்ல ஊத்தி, வெளிய ஒரு பவர்ஃபுல் காந்தத்தை வச்சு மெதுவா தேய்ச்சோம், கொஞ்ச நேரத்துல கருப்பா மெல்லிசா ஒரு கோடு காந்தத்தோட கூடவே நகர்ந்துச்சு. அவ அன்னைக்கு முழுக்க அந்த கவரைக் கீழ வைக்கல.

சேமிக்கறது பத்தி ஒண்ணு. எந்த கம்பெனியோடதா இருந்தாலும் உள்ள இருக்கற கவரை மடிச்சு கிளிப் போட்டா மட்டும் நம்ம ஊருக்குப் பத்தாது, ஐப்பசி கார்த்திகைல மூணே நாள்ல நமுத்துடும். காத்து புகாத டப்பாவுல கொட்டி வச்சிடுங்க. நமுத்துப் போனாலும் தூக்கிப் போடாதீங்க, வெறும் வாணலில சின்னத் தீயில ரெண்டு நிமிஷம் பிரட்டி, ஆற விட்டா திரும்ப மொறுமொறுப்பு வந்துடும். அடில தங்கற தூளை நான் சேர்த்து வச்சு கட்லெட்டுக்கு ரொட்டித் தூளுக்குப் பதிலா போடுவேன். விலை ஆஃபரைப் பொறுத்து வாரா வாரம் மாறுது, அதனால நம்பர் போடல, ஆனா கிராமுக்கு எவ்ளோன்னு கணக்குப் போட்டு வாங்குங்க, பெட்டி சைஸைப் பார்த்து வாங்காதீங்க, உள்ள பாதி காத்துதான். என்னோட மார்க் அஞ்சுக்கு நாலரை. நார்ச்சத்துக்காக அரை மார்க் குறைச்சிருக்கேன், ருசிக்கு முழு மார்க்.

கடைசியா எங்க மாமா. அம்மாவோட தம்பி, பாட்டி இருந்த அதே ஊர்ல விவசாயம். முன்னாடி பருத்தியும் கடலையும் போட்டுக்கிட்டு இருந்தவர், 2000த்துக்கு அப்புறம் மக்காச்சோளத்துக்கு மாறிட்டார், இப்ப பெரம்பலூர் பக்கம் ரோட்டுல போனாலே ரெண்டு பக்கமும் அதான் நிக்கும். 2018ல படைப்புழு வந்து குருத்தையெல்லாம் தின்னு தீர்த்தப்ப அவர் போன்ல பேசின குரல் இன்னும் என் காதுல இருக்கு. அவர் விளைவிக்கறது முக்காவாசி நாமக்கல் கோழித் தீவனத்துக்குப் போகுது. நாலு வருஷம் முன்னாடி நான் ஒரு பாக்கெட் கொண்டு போய் "மாமா இது உங்க சோளம்தான் மாமா"ன்னு கையில கொட்டினேன். ஒரு இதழை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முளையை எடுத்துட்டான், தோலையும் உரிச்சுட்டான், நடுவுல இருக்கறதை மட்டும் தட்டிருக்கான் பாப்பா"ன்னு சொன்னார். பெட்டில எங்கயும் எழுதாத விஷயம், ஒரு இதழைப் பார்த்தே சொல்லிட்டார். அப்புறம் பாலை வேணாம்னு தள்ளிட்டு, கெட்டித் தயிர் ஊத்தி, வறுத்த மோர்மிளகாயைக் கடிச்சுக்கிட்டே சாப்பிட்டார். எனக்கும் ஒரு வாய் கொடுத்தார். இதழ்ல ஏற்கனவே உப்பு இருக்கு, தயிரோட புளிப்பு, மிளகாயோட காரம், மொறுமொறுப்பும் பால்ல விட அதிக நேரம் நிக்குது, தயவு செஞ்சு ஒரு தடவை பண்ணிப் பாருங்க. போன மாசம் போயிருந்தப்ப ரெண்டு பாக்கெட் எடுத்துட்டுப் போனேன், நான் பஸ் ஏறிட்டேன்னு போன் பண்ணதுமே அத்தை மோர்மிளகாயை வறுத்து எடுத்து வச்சிருந்தாங்க.